விற்ற குதிரையின் ரத்தத்தைச் சென்னையில் பத்திரப்படுத்திய அனுபவம்

எங்கள் பக்கம் குதிரை வாங்க வருகிறவர்கள் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், கொஞ்சதூரம் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அப்புறம் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்துவிடுவார்கள். என் செவலைப் பெட்டைக் குதிரையை வாங்க வந்த கோயம்புத்தூர்ப் பெண் இதெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். "ரத்தம் எடுத்து சீல் வைத்து, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு லேபில் வச்சிடலாமாண்ணா?"

அவர் எண்டூரன்ஸ் ஓட்டுகிறவர். 80, 100 கிலோமீட்டர் என்று ஒரே நாளில் ஓட்டும் போட்டி. நடுநடுவே கால்நடை மருத்துவர் நிறுத்தி, நாடித்துடிப்பு 64-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் மேலே விடுவார். மூச்சும் ரத்தமும்தான் அங்கே மூலதனம். சில வருடம் இங்கிலாந்தில் இருந்தவர். அங்கே குதிரை விற்கும்போது மருத்துவர் ரத்தம் எடுத்து 6 மாதம் வைத்திருப்பது வழக்கமாம். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு விற்றுவிட்டார்கள் என்று பின்னால் தகராறு வந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். இவர் அதற்கும் மேலே போய், ஜீன் டோப்பிங், அதாவது போட்டியில் ஜெயிக்க உடம்புக்குள் மரபணுவை ஏற்றும் மோசடி, அதன் சோதனைக்கும் ஆகிறமாதிரி எடுத்து வைக்க வேண்டும் என்றார்.

எனக்கு முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. சந்தேகப்படுகிறாரோ என்று. விளக்கம் கேட்டபின் சரி, இது எனக்கும் பாதுகாப்புதான் என்று தோன்றியது. நாளைக்கு அந்தக் குதிரை போட்டியில் மாட்டினால், என்னிடம் இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு அந்த ரத்தத்தைவிட வேறு சாட்சி கிடையாது.

விஷயம் இதுதான். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. என்ற ஹார்மோனை உடம்பு தானே சுரக்கிறது, பெரும்பாலும் சிறுநீரகத்தில். அதை ஊசியாகப் போட்டால் பிடித்துவிடுவார்கள். அதனால் ஹார்மோனை விட்டுவிட்டு, அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை ஒரு சாதுவான வைரஸில் ஏற்றித் தசையில் போட்டுவிட முடியும். தசையே ஈ.பி.ஓ. செய்ய ஆரம்பித்துவிடும். ஆனால் வைரஸுக்குள் இடம் கம்மி. அதனால் இயற்கையான மரபணுவில் இடையிடையே வரும் பயனில்லாத துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் உள்ளே வைக்க முடியும். அந்த ஒட்டு இருக்கிறதா என்று, டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில் தேடுகிறார்கள். பிறவியில் வந்த ஈ.பி.ஓ. மரபணுவில் அப்படி ஒட்டு இருக்காது. ஹாங்காங், ஜப்பான் குதிரைப் பந்தய ஆய்வகங்கள் இதற்கான சோதனைகளை உருவாக்கியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஏற்றிய மரபணுவின் தடயம் ரத்தத்தில் நாளாக நாளாக மங்கிவிடும். சோதனைகளோ வருடத்துக்கு வருடம் கூர்மையாகின்றன. இன்றைய ரத்தத்தை நாளைய கருவியில் போட்டுப் பார்க்கத்தான் இந்தச் சேமிப்பு. மனித விளையாட்டு வீரர்களுக்கு 2003-லேயே ஜீன் டோப்பிங்கைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவர்களிடம் எடுத்த மாதிரிகளை 10 வருடம் வரை வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம்.

அர்ஜென்டினாவில் 2024-ல் மரபணுத் திருத்தத்தோடு போலோ குட்டிகள் பிறந்ததே, அது வேறு கதை. பிறக்கும் முன்பே மாற்றியது சாகும்வரை எல்லா செல்லிலும் இருக்கும். அதற்கு அவசரமாக ரத்தம் பிடித்து வைக்கத் தேவையில்லை.

முதல் வேலை, இது இந்தக் குதிரைதான் என்று நிரூபிப்பது. ரத்தம் எடுக்க வந்த கால்நடை டாக்டரம்மா கழுத்தின் இடதுபக்கம் பிடரிக்குக் கீழே மைக்ரோசிப் போட்டு, ரீடரை வைத்து 15 இலக்க எண்ணைப் படித்துக் காட்டினார். அதோடு விடவில்லை. குதிரையின் படம் அச்சிட்ட தாளில் நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, சுழிகள் எல்லாவற்றையும் குறிக்க ஆரம்பித்தார். எங்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சாரதி அண்ணன் அதுவரை வண்டிக்கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, நமக்கென்ன என்று நின்றார். தேவகோட்டை முதல் அறந்தாங்கி வரை குதிரைவண்டிப் பந்தயம் ஓட்டியவர். சுழி என்றதும் கிட்டே வந்துவிட்டார். "டாக்டரம்மா, கழுத்துல வலப்பக்கம் ஒண்ணு விட்டுட்டீங்க. மயிருக்குள்ள இருக்கு பாருங்க" என்று பிடரி மயிரை ஒதுக்கிக் காட்டினார். அங்கே இருந்தது. அவருக்கு அது ராசி, டாக்டரம்மாவுக்கு அடையாளம். வெளிநாட்டுக் குதிரை பாஸ்போர்ட்டிலும் சுழியைப் பெருக்கல் குறி போட்டுத்தான் காட்டுகிறார்கள் என்று கேட்டதும் அண்ணனுக்கு ஒரே பெருமை.

ரத்தம் எடுத்தால் ஓட்டம் குறைந்துவிடும் என்று அவருக்கு ஒரு கவலை. 400 கிலோ குதிரைக்கு 30 லிட்டருக்கு மேல் ரத்தம் இருக்கும், நாம் எடுப்பது ஒரு காப்பித் தம்ளரில் பாதிகூட வராது என்று டாக்டரம்மா சொன்னபின்தான் கயிற்றைப் பிடித்தார். குதிரை மிரண்டால் மண்ணீரலில் சேர்ந்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டிவிடும், எண்ணிக்கை எகிறிவிடும் என்பதால் அது அடங்கி நிற்கும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்த, நரம்பு புடைத்தது. ஊதா மூடிக் குழாய்தான் வேண்டும். பச்சை மூடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து இருக்கும், அது பி.சி.ஆரைக் கெடுத்துவிடும். குழாய் நிறைந்ததும் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினார். குலுக்கினால் அணுக்கள் உடையும்.

குழாய்களை 'ஏ', 'பி' என்று இரண்டு பையாகப் பிரித்து, கிழித்தால் தெரிந்துவிடும் சீல் போட்டு, சீல் எண்ணைத் தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்திட்டோம். லேபிளை மூடியில் ஒட்டாமல் குழாயின் உடம்பில் ஒட்ட வேண்டும். மூடிகள் மாறிப்போகலாம். எழுதியதும் ஈரத்தில் அழியாத பேனாவால்தான். இதையெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் நின்று சரிபார்த்தார்.

ராத்திரி எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடு. காரைக்குடியில் ஒரு லேபில் கேட்டதற்கு மாட்டு ரத்தம் குதிரை ரத்தம் எல்லாம் எடுப்பதில்லை என்று கதவைச் சாத்தாத குறை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனில் போட்டுவிடலாமே என்று நானே ஒரு யோசனை சொன்னேன். மைனஸ் 196 டிகிரி, குழாய் வெடித்துவிடும் என்று டாக்டரம்மா சிரித்தார். ஓர் இரவுக்கு உறையவே வேண்டாம், 4 டிகிரி போதும் என்றார். வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. ஆச்சி மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார். ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜ் தானே பனியைக் கரைக்கும்போது குளிர் ஏறி இறங்கும். உறைந்து உருகி உறைந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும்.

கூரியர்காரர் ரத்தம் என்றதும் கையைக் கட்டிக்கொண்டார். அதனால் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் நானே சென்னைக்குக் கொண்டுபோனேன். குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத டப்பா, வெளியே தெர்மாகோல் பெட்டி. ஜெல் பேக் நேராகக் குழாயில் படாமல் நடுவே துணி. பெட்டி மேலே 'விலங்கு மாதிரி' என்று எழுதியிருந்ததைப் பார்த்த டி.டி.இ. என்ன விலங்கு என்று கேட்டார். குதிரை என்றேன். டிக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

லேபில் சீலை என் கண்முன் சரிபார்த்தார்கள். 'ஏ' பையைத் திறந்து ரத்தத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்தார்கள். ஒன்றை உருக்கினாலும் மற்றவை கெடாது. 'பி' பையைத் திறக்கவில்லை. இரண்டும் மைனஸ் 80 டிகிரிக்குப் போயின. அவர்கள் ஜீன் டோப்பிங் சோதனை செய்வதில்லை, வைத்திருப்பது மட்டும்தான். ஒப்பந்தத்தில் நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னது ஒரே வரி. விற்றவர், வாங்கியவர் இருவர் கையெழுத்தும் இல்லாமல் எந்தக் குப்பியும் வெளியே வரக்கூடாது. கெடு முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் அழித்துவிடுவார்கள். வாடகை பாதிப் பாதி, முதல் தவணையை அந்தப் பெண்ணே ஜி.பே.யில் போட்டுவிட்டார்.