இருப்பில் இல்லாத பொருளுக்கு ஒரு ரசீது

2021 ஜனவரி 1, வெள்ளி. கடலூர், மஞ்சக்குப்பம்

வீடியோ விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வரும் என்றும், முன்பதிவு ஜனவரி 12 நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் என்றும் சோனி இன்று அறிவித்திருக்கிறது. டிஸ்க் போடக்கூடிய மாடலின் விலை 49,990 ரூபாய். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நவம்பர் 12 அன்றே வெளிவந்துவிட்ட கருவிக்காக நாங்கள் ஏறக்குறைய இரண்டு மாதமாகத் தேதி கேட்டுக் காத்திருந்தோம். நிவர் புயல் நவம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததற்குப் பிறகு, நின்ற மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் எங்கள் பழைய பிளேஸ்டேஷன் 4 எரிந்துபோனது. போர்டு போய்விட்டது, செலவு செய்து பயனில்லை என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். என் சம்பளச் சேமிப்பு முப்பதாயிரம், தம்பி டியூஷன் எடுத்துச் சேர்த்த இருபதாயிரம், இரண்டையும் ஒரே கணக்கில் போட்டிருக்கிறோம்.

ஜனவரி 10, ஞாயிறு

முன்பதிவு எடுக்கப்போகும் தளங்கள் எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கி, முகவரியையும் கார்டு எண்ணையும் முன்கூட்டியே பதிந்து வைத்தோம். நான்கு தளங்களில் இரண்டு, 607001 என்று எங்கள் பின்கோடை இட்டதும் இந்தப் பகுதிக்கு விநியோகம் இல்லை என்று சொல்லிவிட்டன. ஆகையால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் சித்தியின் முகவரியைக் கொடுத்தோம். ஒரு மாவட்டத் தலைநகருக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவர முடியாத நிறுவனம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊருக்குக் கொண்டுவரும் என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைக்கூட நான் குறையாகச் சொல்ல மாட்டேன், முன்பே தெரிவித்துவிட்டார்கள் அல்லவா.

ஜனவரி 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மதிய உணவு இடைவேளையை முன்னதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, நான் வேலை செய்யும் கடையின் பின்னறையில் உட்கார்ந்தேன். தம்பி வீட்டில் மடிக்கணினியோடு இருந்தான், இருவரும் போனில் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தோம்.

12 மணி அடித்ததும் முதல் தளம் திறக்கவே இல்லை. வெள்ளைத் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது தளத்தில் 12:02க்கு மஞ்சள் நிறப் பொத்தான் தெரிந்தது. அழுத்தினேன், கூடையில் ஒன்று என்று காட்டியது. பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனபோது கூடை காலி. மறுபடி சேர்த்தேன், மறுபடி காலி. மூன்றாவது முறை வங்கியின் ஓடிபி வரை போனேன். ஆறு இலக்கங்களையும் தட்டி முடித்தபோது ‘இருப்பில் இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அப்போது மணி 12:07.

தம்பி மூன்றாவது தளத்தில் முயன்றுகொண்டிருந்தான். 12:11க்கு அவன் “அக்கா, விழுந்துடுச்சு!” என்று கத்தியது பின்னறைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஆர்டர் எண் வந்தது, 49,990 ரூபாய் கழிந்ததற்கான வங்கிக் குறுஞ்செய்தி வந்தது, பிப்ரவரி 2 அன்று விநியோகம் என்று மின்னஞ்சலும் வந்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மின்னஞ்சலைத் தாளில் அச்செடுத்து வைத்தேன். கணக்கு எழுதும் பழக்கம் அப்படி.

ஜனவரி 14, வியாழன். பொங்கல்

இந்த ஆண்டு அரிசி அட்டைக்காரர்களுக்குத் தமிழக அரசு 2,500 ரூபாயும் பொங்கல் தொகுப்பும் தந்தது. டிசம்பர் கடைசியிலேயே டோக்கன் வீடு தேடி வந்தது, எந்த நாளில் எந்த நேரத்தில் ரேஷன் கடைக்கு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அம்மா குறித்த நேரத்தில் போனார், பணத்தையும் பச்சரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். இரண்டு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு ஒரு தாள் டோக்கனால் வரிசையை ஒழுங்குபடுத்த முடிகிறது. சில ஆயிரம் பெட்டிகளை விற்பதற்கு, எத்தனையோ பொறியாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களால் ஏன் முடியவில்லை என்று பொங்கல் பானையின் அருகே உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 17, ஞாயிறு

ரத்து செய்துவிட்டார்கள். காலை 9:40க்கு வந்த மின்னஞ்சலில் மூன்று வரிதான்: எதிர்பாராத காரணங்களால் தங்கள் ஆர்டர் ரத்து செய்யப்படுகிறது, தொகை ஏழு முதல் பத்து வேலை நாட்களுக்குள் திரும்ப வரும், சிரமத்துக்கு வருந்துகிறோம். தம்பி அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டான். ஐந்து நாட்களாகத் தொலைக்காட்சிக்குக் கீழே இடத்தை ஒழித்து, துடைத்து வைத்திருந்தவன் அவன்.

தட்டுப்பாடு ஏன் என்பது எனக்குத் தெரியாததல்ல. இந்தக் கருவியின் மூளையாக இருக்கும் சில்லை (சிப்) வடிவமைத்தது ஏஎம்டி என்ற அமெரிக்க நிறுவனம், அதைத் தைவானில் டிஎஸ்எம்சி நிறுவனம் 7 நானோமீட்டர் என்ற மிக நுண்ணிய முறையில் செய்கிறது. மைக்ரோசாப்டின் போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸுக்கும் ஏஎம்டியின் கணினிச் சில்லுகளுக்கும் அதே தொழில்நுட்பம்தான். நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்தபடி கணினியும் விளையாட்டுக் கருவியும் கேட்கும்போது போதாமல்தான் போகும். அதற்காகக் கடைக்காரர் மேல் கோபப்பட நான் தயாரில்லை.

என் கோபம் வேறு. நான் வேலை செய்வது மருந்து மொத்த விற்பனைக் கடையில். ஒரு மருந்து பத்து அட்டை இருந்தால், பதினோராவது அட்டைக்குப் பில் போட எங்கள் மென்பொருளே விடாது. யாராவது வற்புறுத்தினால், பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, சரக்கு வந்ததும் எழுதிய வரிசைப்படி போன் செய்வோம், முன்பணம் வாங்க மாட்டோம். இணையக் கடையிலும் கணக்கு இதுதான். இருப்பை எந்தக் கட்டத்தில் குறைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடையில் சேர்க்கும்போதே சில நிமிடங்களுக்கு அந்த ஒரு பெட்டியைப் பூட்டி வைத்தால், ஓடிபி அடிக்கிறவரின் கையிலிருந்து அதைப் பறிக்க வேண்டியிருக்காது. பூட்டாமல், ஆயிரக்கணக்கானோர் ஒரே நொடியில் ஒரே எண்ணைப் பார்த்துப் பணம் கட்டும்படி விட்டால், இல்லாத பெட்டிக்கும் ரசீது போய்ச் சேரும். அப்படி ஒரு ரசீதுதான் என் அலமாரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 20, புதன்

வாடிக்கையாளர் சேவைக்கு இன்று நான்காவது முறை போன் செய்தேன். தமிழ் தெரிவு இல்லை. இருபத்தைந்து நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு பேசிய பெண் பொறுமையானவர், ஆனால் அவர் கணினியில் ‘ரத்து’ என்ற சொல்லைத் தவிர வேறு விவரம் இல்லை. என் ஆர்டர் எத்தனையாவது, எத்தனை பேருக்கு ரத்தாயிற்று, அடுத்த சரக்கில் எங்களுக்கு முன்னுரிமை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் அவரிடம் பதில் இல்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பதிலைக் கொடுக்காமல் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் மேல்தான்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளைப் படித்துப் பார்த்தேன். வாங்குபவர் ரத்து செய்தால் நிறுவனம் கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் நிறுவனமே ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தை அதுவும் ஏற்றால் மட்டுமே. கட்டணமே வாங்காத நிறுவனம் எத்தனை பேரை வேண்டுமானாலும் ரத்து செய்துவிட்டுச் சும்மா இருக்கலாம் என்றுதான் எனக்கு அது அர்த்தமாகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்று தெரியும். ஆனால் நான் கேட்பது இழப்பீடு அல்ல, வரிசையில் என் இடம்.

ஜனவரி 27, புதன்

பணம் திரும்பி வந்தது. பதினைந்து நாட்கள் எங்கள் ஐம்பதாயிரம் வேறு யாரோ ஒருவர் கணக்கில் இருந்தது. இதே நாட்களில் விளம்பரத் தளம் ஒன்றில், இன்னும் வெளிவராத கருவியை எழுபத்தையாயிரத்துக்குத் தருவதாக ஒருவர் ஆர்டர் ரசீதின் படத்தோடு போட்டிருந்தார். தம்பி கேட்டான், வாங்கிவிடலாமா என்று. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 2, செவ்வாய்

விடுப்பு எடுத்துப் புதுச்சேரிக்குப் போனேன். கடைகளில் நேரில் கேட்டால் கிடைக்கும் என்று சித்தியின் மகன் சொல்லியிருந்தான். ஒரு கடையில் பெட்டி இருந்தது, கண்ணால் பார்த்தேன்: வெள்ளை அட்டை, நீல ஓரம், நான் நினைத்ததைவிடப் பெரியது. தனியாகத் தர முடியாது, இரண்டு விளையாட்டுகளும் கூடுதல் கன்ட்ரோலரும் நீட்டித்த வாரண்டியும் சேர்த்து வாங்கினால்தான் என்றார்கள். அறுபத்தாறாயிரம் சொன்னார்கள். பெட்டியில் அச்சிட்டிருந்த விலையைச் சுட்டிக்காட்டினேன், அந்த விலைக்கு இருப்பு இல்லை என்றார்கள். அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 17, சனி

இடையில் வந்த முன்பதிவுகளிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதை எழுத விரும்பவில்லை.

வால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக்குக்கு நேற்று இரவு முன்பதிவு தொடங்கியிருக்கிறது. இந்தியாவுக்கு இல்லை, ஆனாலும் அவர்கள் செய்திருக்கும் முறையை மூன்று தடவை படித்தேன். ஐந்து டாலர் கட்டி வரிசையில் இடம் பிடிக்க வேண்டும், முழுத் தொகையை அவரவர் முறை வரும்போது கட்டினால் போதும். 2021 ஜூனுக்கு முன் அவர்களிடம் ஏதேனும் வாங்கியிருக்கும் கணக்குகளுக்கே முதல் இரண்டு நாட்கள், ஒருவருக்கு ஒன்று. தொடங்கிய நேரத்தில் அங்கேயும் தளம் திணறித்தான் போயிற்று. ஆனால் இடம் கிடைத்தவருக்கு எந்தக் காலாண்டில் பெட்டி வரும் என்பது தெரிந்துவிடுகிறது.

இன்று மாலை, எங்கள் ஆர்டரை ரத்து செய்த கடைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஜனவரி 12 அன்று பணம் கட்டி ரத்தானவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும், அடுத்த சரக்கு வரும்போது பொத்தானைத் திறப்பதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்து, பணம் கட்டிய நிமிட வரிசைப்படி எங்களுக்கு முதலில் செய்தி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். அச்செடுத்து வைத்திருந்த அந்த மின்னஞ்சலின் நகலையும் இணைத்து, திங்கட்கிழமை தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்க்கும்படி தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.