டிஃபால்ட் சவுண்ட் கார்ட் ஏன் அடிக்கடி மாறுகிறது?

லோயாட் பிளாசாவில் வாங்கி வந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டைச் செருகினால் மின்னல் எஃப்எம் அதில் நன்றாகவே ஒலிக்கும். ஸூமில் டியூஷன் தொடங்கியதும் ஆசிரியரின் குரல் மட்டும் பழைய ஸ்பீக்கரில் வரும். கார்டில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸில் டிஃபால்ட், அதாவது ஒலி தானாகப் போய்ச்சேரும் சாதனம், இரண்டு: பாட்டு, வீடியோவுக்கு ஒன்று, அழைப்புகளுக்கு இன்னொன்று. ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், கீழே இருக்கும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'-ஐத் திறங்கள். பழைய சின்னப் பெட்டி ஒன்று வரும். வேலைக்கு இதுதான் வசதி. 'பிளேபேக்' பகுதியில் உங்கள் கார்டை வலது க்ளிக் செய்து 'டிஃபால்ட் டிவைஸ்', 'டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' இரண்டையும் அதற்கே கொடுங்கள். பச்சை டிக் விழுந்தால் முதலாவது. பச்சைத் தொலைபேசிப் படம் வந்தால் இரண்டாவது. 'ரெக்கார்டிங்' பகுதியிலும் மைக்குக்கு இதையே செய்யவேண்டும். வெப்கேமில் உள்ள மைக் சத்தமில்லாமல் அந்த இடத்தைப் பிடித்திருக்கும்.

'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியையும் பார்த்துவிடுங்கள். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும்படி அங்கே இருக்கும். பாட்டு திடீரென்று அமுங்கிப்போவது இதனால்தான். 'டூ நத்திங்' போட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் ஒரு செயலி மட்டும் அடம்பிடித்தால், அதற்குத் தனியாக ஒரு சாதனம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செயலியில் எதையாவது ஒலிக்கவிட்டு, சவுண்டுக்குள் 'வால்யூம் மிக்ஸர்' போய் அதன் அவுட்புட்டைப் பாருங்கள். அங்கேயே உள்ள ரீசெட் பொத்தான் எல்லாச் செயலிகளையும் டிஃபால்ட்டுக்குத் திருப்பும். ஸூம் போன்றவை தங்கள் ஆடியோ அமைப்பிலும் ஸ்பீக்கர், மைக் பெயரைத் தனியே வைத்திருக்கும், அதையும் மாற்றவேண்டும்.

ரொம்பப் பேரைச் சுற்றவிடுவது யூஎஸ்பி துளைதான். மலிவான கார்டுகள் பலவற்றில் தனி வரிசை எண் இருக்காது. அதனால் விண்டோஸ், எந்தத் துளையில் செருகினோம் என்பதை வைத்தே அதை அடையாளம் காண்கிறது. முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கம் செருகினால் விண்டோஸுக்கு அது புதுச் சாதனம். பெயருக்கு முன்னால் '2-' என்று ஒட்டிக்கொள்ளும், நீங்கள் வைத்த டிஃபால்ட் பழைய பெயரோடு போய்விடும். மதர்போர்டின் பின்பக்கத் துளை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சாதனத்தின் 'ப்ராபர்டீஸ்'-இல் பெயரையும் மாற்றி வைக்கலாம். ஒரே மாதிரிக் கார்டு இரண்டு இருக்கும் மேசையில் அது பெரிய உதவி.

அடுத்தது, மானிட்டருக்குப் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள். கிராஃபிக்ஸ் கார்டே ஓர் ஒலிச் சாதனம்தான். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பட்டியலில் அதன் பெயர் வரும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்ததும் ஒலி அந்தப் பக்கம் போய் மௌனமாகிவிடுவது அடிக்கடி நடப்பது. மானிட்டர் வழியே கேட்கப்போவதில்லை என்றால் வலது க்ளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். தேவையில்லாததை அடைத்து வைப்பதே நிலையான தீர்வு. வாரத்துக்கு ஒருமுறை டிஃபால்ட்டைத் திருப்பி வைப்பது வீண் வேலை. பின்னால் வேண்டுமென்றால் பட்டியலின் வெற்றிடத்தில் வலது க்ளிக் செய்து 'ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்' போட்டால் மீண்டும் தெரியும்.

லினக்ஸில் சவுண்ட் கார்டுகளை இயக்கும் பகுதியான அல்சா, கார்டுகளைக் கண்டுபிடித்த வரிசையில் 0, 1, 2 என்று எண்ணிடும். மறுமுறை கணினியைத் திறக்கும்போது அந்த வரிசை மாறலாம். ஆகவே அமைப்புக் கோப்பில் எண்ணை எழுதாமல் கார்டின் பெயரை எழுதுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில், 22.10 பதிப்பு முதல் பைப்வயர் என்ற மென்பொருள்தான் ஒலியைக் கவனிக்கிறது. அதில் செட்டிங்ஸில் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்தாலே நினைவில் வைத்துக்கொள்ளும்.