படிக்கட்டில் தொங்கிய இரண்டு மைக்

கீழ்வீட்டுப் பையன் போன் ஸ்பீக்கரில் லெட் செப்பலின் ராக் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' போட்டிருந்தான். மவுத் ஆர்கன் நன்றாகக் கேட்டது. டிரம்ஸைத்தான் காணோம்.

தம்பி, அந்தப் பாட்டே டிரம்ஸ்தானப்பா!

1971 ஆல்பம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம். குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே இருந்து இரண்டு ரிப்பன் மைக்குகளைத் தொங்கவிட்டார். அடியோடு சேர்ந்து அந்தக் கூடமே பதிவானது. பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னதைத் தூக்கும் கம்ப்ரஸரும், பின்சன் என்ற எதிரொலிக் கருவியும் சேர்ந்ததும், ஒவ்வொரு அடியும் மலை உருள்வதுபோல வருகிறது.

எண்பதுகள் இதைத் தலைகீழாக்கின. பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தில் ஃபில் காலின்ஸ் வாசித்தபோது, ஸ்டுடியோவுக்குள் பேசுவதைக் கேட்க வைத்திருந்த மைக் வழியாக டிரம்ஸ் வந்தது. அதிலிருந்த முரட்டு கம்ப்ரஸர் அறையின் எதிரொலியை மேலே தூக்கியது. ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம் அதில் நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிவிடும் கருவி) போட்டு எதிரொலியின் வாலைச் சட்டென்று வெட்டினார். அடுத்த வருடம் காலின்ஸின் சொந்தப் பாட்டு 'இன் தி ஏர் டுநைட்'. மூன்றரை நிமிடம் தாண்டி டிரம்ஸ் இறங்கும் இடம் இன்றும் புல்லரிக்கும்.

வீட்டில் இந்த ஒலிக்கு முயல்பவர்கள் பலர் நாய்ஸ் கேட்டை ரிவெர்புக்கு (அறை எதிரொலியைச் சேர்க்கும் எஃபெக்ட்) முன்னால் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் வால் வெட்டுப்படாது. முதலில் ரிவெர்ப், பிறகு கம்ப்ரஸர், கடைசியில் கேட்.

1991இல் நிர்வாணா ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம். கலிஃபோர்னியாவின் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் டேவ் க்ரோல் டிரம்ஸ் வாசித்ததில் பெரிய அறை திரும்பி வந்தது.

மூன்றையும் ஹெட்போனில் வரிசையாகக் கேளுங்கள். ஸ்னேர் (பட்டென்று ஒலிக்கும் டிரம்) அடி விழுந்த பிறகு வரும் அரை நொடியை மட்டும் கவனியுங்கள்.