கேபினெட்டைத் திறந்து பார்த்த பிறகே வாங்கினோம்

மதுரையில் உள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 2017இல் வாங்கிய 12 கணினிகள் வேகத்தில் குறை வைக்கவில்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்திய பிறகு டாலியும் எக்செல்லும் உடனுக்குடன் திறந்தன. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவதாலும், அவற்றிலிருந்த ஏழாம் தலைமுறை ஐ3 செயலியை விண்டோஸ் 11 ஏற்காததாலும், பிறர் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டிய நாங்கள் அவற்றை மாற்றியே ஆக வேண்டியதாயிற்று.

தேர்வுப் பொறுப்பு என்னிடம் வந்தபோது என் மனத்தில் முதலில் நின்றது செயலி அன்று, கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ். 2023 செப்டம்பரில், வரித் தணிக்கை அறிக்கைக்கான 30ஆம் தேதிக் கெடு நெருங்கிய வேளையில், ஒரு கணினியின் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோனது. அதன் வடிவமும், மதர்போர்டில் செருகும் இணைப்பும் தயாரித்த நிறுவனம் தனக்கென்றே வகுத்துக்கொண்டவை என்பதால், கடைகளில் கிடைத்த எதுவும் பொருந்தவில்லை. உதிரிபாகம் வந்து சேர்ந்தபோது கெடு முடிந்திருந்தது.

ஆகவே இம்முறை மூன்று விலைப்புள்ளிகளை வாங்கியதும், மாதிரிக் கணினிகளின் மூடியைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன். "இதையெல்லாம் யாரும் கேட்கிறதில்லை சார்" என்றார் கடைக்காரர். பிராண்டட் கணினிகள் இரண்டிலும் பழைய கதைதான். மூன்றாண்டுகள் அலுவலகத்துக்கே வந்து பழுது பார்ப்பார்கள் என்பது அவற்றின் பெரும் கவர்ச்சி என்றாலும், நாங்கள் கணினியை எட்டு ஆண்டுகள் வைத்திருப்பவர்கள். எனவே பல நிறுவனங்களும் பின்பற்றும் பொது அளவுகளில் அமைந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் கொண்ட அசெம்பிள் செய்த கணினியைத் தேர்ந்தெடுத்தோம். எட்டு ஜிபி ராம் இரண்டுக்குப் பதிலாக 16 ஜிபி ராம் ஒன்றே போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டோம். இரண்டு சேர்ந்து இயங்கும்போது கிடைக்கும் கூடுதல் வேகம் கணக்கு வேலையில் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. பின்னாளில் புதிய தலைமுறைச் செயலியைப் பொருத்தலாம் என்று கடைக்காரர் வலியுறுத்தியதை நான் பொருட்படுத்தவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதுவரை ராமும் டிஸ்கும் மாறியிருக்கின்றன, செயலி ஒருமுறைகூட மாறியதில்லை.

முதலில் ஒன்றை மட்டும் வாங்கி மூன்று வாரம் ஓட்டியது நல்லதாயிற்று. டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கனும் பழைய பிரிண்டரும் சிக்கலின்றி வேலை செய்தன. ஆனால் மின்சாரம் போனபோது, யுபிஎஸ் இருந்தும் கணினி சட்டென்று அணைந்தது. பழைய சிறிய யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தரும் படிக்கட்டு வடிவ மின் அலையை, மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று கொண்ட புதிய எஸ்எம்பிஎஸ் ஏற்கவில்லை. வீட்டு மின்சாரம் போலவே வளைந்து செல்லும் தூய சைன் அலை தரும் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி இணைத்ததும் சரியாயிற்று. விலைப்புள்ளி எதிலும் இல்லாத, புதிய யுபிஎஸ்களுக்கான இந்தச் செலவைப் பங்குதாரர்களிடம் விளக்கி ஒப்புதல் பெறுவதற்கு, கணினியைத் தேர்ந்தெடுத்ததைவிட அதிக நாட்கள் பிடித்தன.

மீதி 11 கணினிகளோடு ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையும் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம். உதிரிபாகம் ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதக் காலம் வேறு என்பதால், வரிசை எண்களோடு கூடிய பில்களும் அங்கேயே ஒரு கோப்பில் இருக்கின்றன.