தங்கம் சரி, காசு தப்பு

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்வளவு வரும் தம்பி?" எடை போட்டு ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. கட்டுப்படியானால் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், இல்லையென்றால் தங்கசாலைத் தெருவில் இன்னும் நாலு கடை ஏறி இறங்கியிருப்பார். நான் தொகை சொல்லவில்லை. கேட்காத எதையோ சொன்னேன்.

ஆறு மாதம் ஆகிறது. கடையில் கூட்டமில்லாத மதிய நேரங்களில் இன்னும் அந்தப் பேச்சு தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என் வாயிலிருந்து வந்த கடைசி வாக்கியத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன்.

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சாவரின், அதாவது இங்கிலாந்துத் தங்கக் காசு. 1913. மஞ்சள் துணியில் முடிந்து, அந்த முடிச்சை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் வைத்து, டப்பாவை ரப்பர் பேண்டால் சுற்றி எடுத்து வந்திருந்தார். முடிச்சை அவிழ்க்கும்போதே கதையும் அவிழ்ந்தது. "எங்க நைனா பர்மாலேர்ந்து நடந்தே வந்தவரு தம்பி. 42ல. கூட வந்தவங்க பாதிப் பேரு வழியிலேயே போய்ட்டாங்களாம். இத இடுப்புல கட்டிக்கினு வந்தாரு. இது ஒண்ணுதான் அங்கேர்ந்து வந்தது."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒன்று சொல்வார்: காசைப் பார்க்கும்போது காதை மூடிக்கொள். கொண்டுவருகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக அல்ல. கதை நன்றாக இருந்தால் கண் இளகிவிடும் என்பதற்காக. அதனால் தலையை ஆட்டிக்கொண்டே எடை போட்டேன்.

7.97 கிராம். புதுக் காசாக அச்சிலிருந்து விழும்போது ஒரு சாவரின் 7.988 கிராம் இருக்கும். நாம் வாய்க்கு வாய் சொல்லும் சவரன் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் சவரன் 8 கிராம். பேர் கொடுத்த காசு அதைவிட 12 மில்லிகிராம் குறைவு. கை மாறித் தேய்ந்த காசு 7.938 வரை இறங்கினாலும் இங்கிலாந்தில் செல்லும் என்று வைத்திருந்தார்கள். ஆக எடையில் குற்றமில்லை. தங்கத்தின் தரம் காட்டும் மெஷினில் வைத்தேன், 91.5 சதவீதம். 22 கேரட். விட்டம் 22 மில்லிமீட்டரும் ஒரு துளியும். தண்ணீரில் தொங்கவிட்டால் எடையில் 0.45 கிராம் அளவு குறைய வேண்டும், குறைந்தது. சுண்டினால் கணீரென்றது.

உரைகல்லை எடுக்கவில்லை. நகையை உரைக்கலாம், காசை உரைக்கக் கூடாது. விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தாலும் சேகரிப்பவர் கண்ணில் அது காயம்தான். அந்த அம்மா வருஷா வருஷம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. மேலெல்லாம் ஒரே பக்கமாக ஓடும் மயிரிழைக் கோடுகள். நம் வீடுகளிலிருந்து வரும் காசில் பத்துக்கு எட்டு இப்படித்தான், இல்லையென்றால் ராஜா தலைக்கு மேலே வளையம் பற்றவைத்து எடுத்த வடு இருக்கும். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் விலையைக் குறைத்துக்கொண்டிருப்போம்.

அப்புறம் லென்ஸ். ஜார்ஜ் காசு வந்தால் திருப்பிப்போட்டு, பின்பக்கத்துக் குதிரைவீரன் படத்தில் முதலில் குதிரைக் காலடியைத்தான் பார்ப்போம். வருஷத்துக்கு மேலே, தரைக்கோட்டின் நடுவில் பொடியாக ஒரு ஐ எழுத்து இருந்தால் பம்பாயில் அடித்தது. 1918 ஒரே வருஷம்தான் அங்கே அடித்தார்கள். இதில் இருக்க வழியில்லை என்று தெரிந்தும் பழக்கத்தில் பார்த்தேன். பிறகு தலைப் பக்கம். கழுத்து வெட்டில் செதுக்கியவரின் பி.எம். என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். இருந்தன, ஆனால் சாதம் ஒட்டிய மாதிரி மொத்தையாக. கழுத்துக்குப் பின்னால் வெற்றிடத்தில் இரண்டு புள்ளிகள், குழியாக இல்லாமல் மேடாக. கன்னத்தில் ஒரு கீறல்.

அந்தக் கீறலில்தான் நின்றேன். பின்னால் பட்ட கீறல் என்றால் காசின் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும், அதன் அடி வேறு மாதிரி இருக்கும். இதில் கீறலின் அடியிலும் சுற்றியிருந்த அதே பளபளப்பு, அதே தோல். அதாவது கீறல் இந்தக் காசில் விழுந்ததல்ல. எந்த அசல் காசைப் பார்த்து அச்செடுத்தார்களோ அதில் விழுந்தது. இது கீறலோடு பிறந்த காசு.

புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் இதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. லென்ஸை அவன் கையில் கொடுத்து, "கன்னத்தப் பாரு" என்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும். அவன் மட்டும் அன்று விடுப்பில் இருந்திருந்தால் நான் இவ்வளவு பேசியிருப்பேனா தெரியவில்லை.

"தங்கம் சரியா இருக்கும்மா. காசுதான் அசல் இல்ல."

"தங்கம் சரின்னா அப்புறம் இன்னா தம்பி?"

நியாயமான கேள்வி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணுமில்லம்மா, எடைக்கு இவ்வளவு வரும்" என்று முடித்திருக்கலாம். சாதாரண வருஷத்து ஜார்ஜ் காசு அசலாகவே இருந்தாலும், இப்படித் தேய்த்துக் கழுவிய நிலையில் தங்க விலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அசலோ நகலோ அவர் கைக்கு வரப்போகும் பணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவர் கேட்டுவிட்டார், பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் பாடம் எடுத்தேன். 1950களில் சாவரின் காசுக்கு அதிலுள்ள தங்கத்தைவிட அதிக விலை இருந்தது. அதனால் பெய்ரூட்டில் சரியான தங்கத்தையே போட்டுக் கள்ளக் காசு அடித்தார்கள். தங்கத்தில் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, முத்திரைக்குக் கிடைத்த கூடுதல் விலையே லாபம். சொல்லச் சொல்ல என் குரல் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது எனக்கே கேட்டது.

"அப்படின்னா?"

"அப்படின்னா இது 42ல இருந்திருக்கவே வாய்ப்பில்லம்மா."

காதை மூடிக்கொண்டவன் 42 என்ற எண்ணை மட்டும் எப்படிப் பிடித்து வைத்திருந்தேன்?

அவர் கோபப்படவில்லை. கண்ணாடி மேஜைமேல் விரல் வைத்து எதையோ கணக்குப் போட்டார். "நைனா போனது 81. அதுக்கப்புறம் அம்மாகிட்ட. அம்மா படுத்ததும் அண்ணன் வீட்டு பீரோ. எனக்குப் பங்கு பிரிச்சுக் கொடுத்தப்ப அண்ணிதான் எடுத்தாந்து..." அந்த இடத்தில் நின்றுவிட்டார். முடிச்சைப் போட்டார், டப்பாவில் வைத்தார், ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றினார். எவ்வளவு வரும் என்று மறுபடி கேட்கவே இல்லை.

அவர் வாசலைத் தாண்டியதும் பையன், "சூப்பர்ணே" என்றான்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் நட்சத்திர வராகன் என்ற பழைய காலத்துத் தங்கக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். கிணறு தோண்டும்போது கிடைத்ததாக யாரோ சொல்லி விற்றது. முன்பக்கம் பெருமாள், பின்பக்கம் பொடிப்பொடியான குருணைகளுக்கு நடுவே நட்சத்திரம், எல்லாம் இருந்தது. ஆனால் குருணைகளுக்கு இடையில் ஊசி முனையளவு குழிகள். அடித்த காசில் அவை வராது, வார்த்த காசில் வரும். அவர் கேட்டது "இதுல எவ்வளவு தங்கம் இருக்கு?" மட்டும்தான். அதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அதே ஆளிடம் இன்னும் மூன்று வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். அன்றைக்கு எடுத்த முடிவு: பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

பெரியவரிடம் போய்க் கேட்கலாமென்றால் அவர் இப்போது இல்லை. இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ஒரு நாள் "பார்த்ததை மறைக்கிறவன் இந்தக் கல்லுக்கு முன்னால உட்காரக் கூடாது" என்பார். இன்னொரு நாள் "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா அது தொழில் இல்ல, வம்பு" என்பார். இரண்டையும் அதே உறுதியோடுதான் சொன்னார்.

ஆனால் இந்த நியாயமெல்லாம் முதல் வாக்கியத்துக்குத்தான் பொருந்துகிறது. காசு அசல் இல்லை என்று சொன்னேன், அது நான் பார்த்தது. 42ல் இருந்திருக்க முடியாது என்பது நான் பார்த்ததல்ல. கள்ள சாவரின் பெய்ரூட்டில்தான் பிறந்ததா? 19ஆம் நூற்றாண்டிலேயே, பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாக இருந்த காலத்தில், பிளாட்டினத்துக்குத் தங்க முலாம் பூசி சாவரின் செய்திருக்கிறார்கள். காசுமாலைக்கென்று நம் ஆசாரிகளே அசலிலிருந்து அச்செடுத்துச் செய்த ராணி காசுகள் என் கையாலேயே எத்தனையோ போயிருக்கின்றன. ரங்கூனில் ஓர் ஆசாரி 1930ல் அச்செடுத்து அடித்திருக்கக் கூடாதா? அந்த நைனா அசலென்று நம்பி அதை வாங்கியிருக்கக் கூடாதா? இடுப்பில் கட்டிக்கொண்டு அத்தனை மலையும் காடும் நடந்து வந்திருக்கக் கூடாதா? லென்ஸ் காட்டியது ஒரு கீறலை. தேதியை நான் சேர்த்துக்கொண்டேன். தட்டார் பட்டறையில் பொடி வைத்து ஊதுவது என்று சொல்வார்களே, அந்த மாதிரி இரண்டு துண்டைப் பொடி வைத்து ஊதி ஒட்டவைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு படி போனால் அந்தக் கீறலும் ஆடுகிறது. முப்பது நாற்பது வருஷம் பிரஷ் போட்டுத் தேய்த்த காசில் கீறலின் அடியும் மினுங்கத்தானே செய்யும்? பி.எம். எழுத்துகளும் தேய்ந்து மொத்தையாகியிருக்கலாம். மேடான புள்ளிகள்தான் எனக்கு மிச்சம். தேய்த்தால் குழி விழும், மேடு வராது. அதை நினைத்தால் தைரியம் வருகிறது, சரியாகத்தான் சொன்னேன் என்று. ஆனால் அச்சு துருப்பிடித்தால் அசலிலும் மேடு வரும் என்பதும் அடுத்த நிமிஷமே ஞாபகம் வந்துவிடுகிறது.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு போன் வந்தது. குரல் உடனே தெரிந்துவிட்டது.

"தம்பி, அந்தக் காசு எந்த வருஷம் செஞ்சதுன்னு திட்டமா சொல்ல முடியுமா?"

"திட்டமா சொல்ல முடியாதும்மா."

"அன்னிக்குச் சொன்னீங்களே."

எனக்கு வார்த்தை வரவில்லை. அப்புறம் தட்டுத்தடுமாறி, பழைய நகல்களும் உண்டு, ஆசாரிமார் செய்வதும் உண்டு என்று மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப நைனாவே கூட அப்படி வாங்கியிருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம்மா. காசக் கொண்டாங்க, இன்னொரு தடவ நல்லாப் பார்த்துச் சொல்றேன்."

"அது இல்லியே தம்பி. வித்தாச்சு. அங்கியே உருக்கிட்டாங்க."

அண்ணன் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன உரிமை என்று அப்போது தோன்றியது. கேட்க பயமாக இருந்தது என்பதுதான் இப்போது தோன்றுகிறது. "சரி தம்பி, வச்சிட்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

போன வாரம் ஒருவர் சின்னக் கிரீடம் வைத்த விக்டோரியா ராணி காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டியுடையதாம். பையன் இப்போது லென்ஸில் நன்றாகத் தேறிவிட்டான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "தங்கம் சரியா இருக்கு சார்," என்று என் குரலிலேயே ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்து, "எடை போட்டுத் தொகையச் சொல்லுப்பா" என்றேன். சொன்னான். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணே, அது டூப்ளிகேட்டுதானே?" என்று கேட்டான். காசு மேஜைமேல்தான் இருந்தது. நான் லென்ஸை எடுக்கவில்லை.