கோரஸா சொல்றது வேற, வாசிக்கிறது வேற

எங்க கிளாஸ் வாசல்ல நின்னு கேட்டா எல்லா புள்ளைங்களும் சூப்பரா வாசிக்குதுங்கன்னுதான் தோணும். முதல் வரியை ஒருத்தன் எடுத்துக் குடுத்தா போதும், மொத்த கிளாஸும் ராகம் போட்டு பாடத்தையே ஒப்பிச்சு முடிச்சிடும். அதே பாடத்துல நடு வரி ஒண்ணுல விரலை வச்சு "இதை மட்டும் படிடா கண்ணு"ன்னு சொல்லிப் பாருங்க, பாதி புள்ளைங்க முதல் வரியிலேர்ந்து வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு வரும், நாம காட்டுன இடம் வர்ற வரைக்கும்.

நான் தாராவியில தமிழ் மீடியம் பிரைமரி டீச்சர். மும்பை மாநகராட்சி எட்டு மொழியில ஸ்கூல் நடத்துது, அதுல தமிழும் ஒண்ணு. எங்க புள்ளைங்களுக்கு வீட்ல திருநெல்வேலித் தமிழ், தெருவுல இந்தி, ஒரு பீரியட் மராத்தி, அப்புறம் புக்குல மட்டும் வர்ற 'வந்துவிட்டான்', 'சென்றார்கள்' தமிழ். இவ்வளவையும் அந்த வயசுல தூக்கிட்டு வருதுங்க, அதை முதல்ல மதிக்கணும்.

247 எழுத்தையும் எழுதத் தெரியும், ஆனா வாசிக்க வராது, இப்படி நிறைய பேர் இருக்காங்க. கொக்குன்னு ஒரு சின்ன வார்த்தையை எடுத்துக்குங்க. கண்ணுக்கு முதல்ல தெரியறது ஒத்தைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். புள்ள வரிசையா போய் 'கெ'ன்னு சொல்லிட்டு, தனியா நிக்கிற காலைப் பார்த்து முழிக்கும். கொம்பும் காலும் ரெண்டு பக்கமும் நின்னாலும் சத்தம் ஒண்ணுதான்னு அதுக்குப் புரியணும். அப்புறம் கடல், தங்கம், பகல், மூணுலயும் அதே க, ஆனா சத்தம் வேற வேற. மராத்தியில அந்த சத்தங்களுக்கெல்லாம் தனித்தனி எழுத்து இருக்கு, அங்கேர்ந்து இங்க வர்ற புள்ள குழம்பாம என்ன பண்ணும்? திட்டுனா சரியாகாது. வார்த்தை ஏற்கனவே காதுல விழுந்திருக்கணும், அப்பதான் 'பக்கல்'னு படிச்சிட்டு அதுவே "இல்ல டீச்சர், பகல்"னு திருத்திக்கும்.

அதனாலதான் தினமும் முதல் பீரியட்ல பத்து நிமிஷம் நான் கதை வாசிக்கிறேன். கேள்வி பதில் கிடையாது, நோட்ல எழுதுறது கிடையாது. சிலபஸ் முடியலைன்னாலும் இதை விடமாட்டேன்.

இது தமிழ் மீடியத்துக்கு மட்டும் உள்ள பிரச்சனையும் இல்ல. நாடு முழுக்க கிராமங்கள்ல எடுக்கிற ஏசர் சர்வேல, 2022ல மூணாம் கிளாஸ் புள்ளைங்கள்ல 20.5 சதவீதம் பேராலதான் ரெண்டாம் கிளாஸ் பாடத்தை வாசிக்க முடிஞ்சுது. அந்த சர்வேல எனக்குப் பிடிச்சது அதோட முறை, ஒவ்வொரு புள்ளையையும் தனியா உக்கார வச்சு எழுத்து, வார்த்தை, சின்ன பாரா, கதைன்னு பார்ப்பாங்க. நானும் அப்படித்தான், கோரஸை நிறுத்திட்டு ஒரு நாளைக்கு நாலஞ்சு பேரை பக்கத்துல உக்கார வச்சு கேக்குறேன். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் போதும், யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும்.

நிக்கிற இடத்துலேர்ந்துதான் புக்கும் குடுக்கணும். நாலாம் கிளாஸ் பையன் கையில பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற படக்கதையைப் பார்த்துட்டு "இது குட்டிப் பாப்பா புக்காச்சே"ன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க, அந்த ஒரு வார்த்தையில அவன் புக்கை கீழ வச்சிடுவான். எங்க கிளாஸ்ல ஜன்னலோரம் கயிறு கட்டி எல்லா லெவல் புக்கையும் கலந்து தொங்க விட்டிருக்கேன், யாரு எதை எடுத்தாலும் யாரும் கேக்கக்கூடாது. புக்கு பத்தலையா, ஸ்டோரிவீவர் சைட்ல லெவல் வாரியா தமிழ்க் கதைங்க ஃப்ரீயா கிடைக்குது, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்துக்கலாம்.

போன வாரம் ஒரு அம்மா வந்து "டீச்சர், எனக்குப் படிக்கத் தெரியாது, இவனுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"ன்னு கேட்டாங்க. சொல்லிக் குடுக்கவே வேண்டாம்க்கா, ராத்திரி சமைக்கும்போது அவனை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, நடுவுல "பொறவு என்னாச்சு?"ன்னு மட்டும் கேளுங்கன்னேன். ஒரே புக்கையே பத்து தடவை கொண்டு வந்தாலும் வேற எடுன்னு சொல்லிடாதீங்க, வேகம் அப்படித்தான் வரும்னும் சொல்லி அனுப்பினேன். இப்ப அந்தப் பையன் தினமும் சாயங்காலம் ஒரு புக்கை பையில போட்டுக்கிட்டுப் போறான்.