பதிவில் உள்ளபடி

“அம்மா, நீதிமன்றப் பதிவில் இருப்பதை வைத்துத்தான் நாங்கள் எழுத முடியும்” என்று, நான் விமர்சித்து எழுதிய ஒரு தீர்ப்பின் வழக்கில் மனைவியாக இருந்தவரிடம் சொன்னேன். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிற யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்தத் தொலைபேசிப் பேச்சை மனம் விடமாட்டேன் என்கிறது.

ஜீவனாம்சத் தொகையைக் குறைத்த ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கண்டித்து சட்ட மாத இதழ் ஒன்றில் எழுதியிருந்தேன். மனைவி தையல் வேலையில் சம்பாதிக்கிறார், குறுக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார் என்பது தீர்ப்பு சொன்ன காரணம். மனைவிக்கு வருமானம் இருப்பது மட்டுமே ஜீவனாம்சத்துக்குத் தடையாகாது என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, தைத்துச் சம்பாதிக்கட்டுமே, அதனால் என்ன என்ற தொனியில் வாதத்தை வைத்தேன். பெயர் போடவில்லை. வழக்கு எண் போட்டேன். எண் இல்லாமல் தீர்ப்பு விமர்சனம் எழுத முடியாது.

எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். கணவர் வீட்டார் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். உனக்காகப் பரிந்து பேசுகிற பேராசிரியரே நீ சம்பாதிக்கிறாய் என்றுதானே எழுதியிருக்கிறார் என்று கேள்வி.

“நான் தைச்சது நெசந்தான் சார். பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடி. அப்புறம் மிஷினையே வித்தாச்சு. அதையும் கோர்ட்ல சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே?”

அப்போதுதான் பதிவைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்காகத்தானே எழுதினேன் என்றும் சொன்னேன்.

“எனக்காகன்னா என்னைக் கேட்டிருப்பீங்க சார்.”

அவர் சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி சாட்சியத்தை முழுதாக எழுத வேண்டியதில்லை. சாராம்சத்தை நீதிபதி குறித்தால் போதும். சாட்சி அதில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு இழுத்தடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த பிரிவு, வகுப்பில் ஒரே மூச்சில் கடந்துவிடுவேன். சாராம்சத்தில் தையல் தங்கிவிட்டது, மிஷின் விற்றது தங்கவில்லை. சீராய்வில், அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவு சரியா என்று பார்க்கும்போது, உயர் நீதிமன்றம் பார்ப்பது அந்தத் தாளைத்தான். இல்லை, அவர் கோர்ட்டில் அதைச் சொல்லவே இல்லையோ என்னவோ. அதையும் நான் சரிபார்க்கவில்லை.

நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீதிபதியின் முன் இருந்ததை வைத்துத்தான் நீதிபதியை விமர்சிக்க வேண்டும். ஒரு தரப்புக்கு மட்டும் போன் போட்டு, அவர் சொன்னதை வைத்துத் தீர்ப்பைக் குறை சொன்னால் எனக்கும் அவருடைய வக்கீலுக்கும் என்ன வித்தியாசம்? கணவரையும் கூப்பிட்டுக் கேட்டால் வீட்டிலேயே விசாரணை நடத்துகிற மாதிரி ஆகிவிடும்.

உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த கடிதத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்த வன்கொடுமை வழக்கில் உயர் நீதிமன்றம் தண்டித்த காவலர் இருவரை, காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்திருந்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன விவரங்களை வைத்தே அந்தத் தீர்ப்பை நால்வரும் உடைத்துப் போட்டார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983-இல் சட்டம் திருந்தியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 228-ஏ பிரிவும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். அப்படியும் அந்த வழக்கை நாங்கள் இன்றுவரை அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் நடத்துகிறோம். அது வேறு கதை.

அவர்களும் பதிவுக்குள் நின்றுதான் எழுதினார்கள் என்று ஆறுதல் தேடிப் பார்த்தேன். முழுதாகக் கிடைக்கவில்லை. பதிவில் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நானோ பாதகமாக இருந்ததை, வாதத்துக்காக ஏற்றுக்கொண்டாலும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தேன். வக்கீல் அப்படி விட்டுக்கொடுப்பதற்கு முன் கட்சிக்காரரைக் கேட்பார். எனக்கு வக்காலத்தே கிடையாது. அதே சமயம், மாத இதழில் நான் விட்டுக்கொடுப்பது எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. சொந்தக்காரர்களைக் கட்டுப்படுத்துமா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த இதழில் விளக்கக் குறிப்பு போடலாம் என்றார் இதழாசிரியர். அந்த அம்மாவிடம் கேட்டேன். “வேணாம் சார், அதையும் அனுப்புவாங்க” என்றார். சரி, உருப்படியாக ஏதாவது சொல்வோம் என்று, சூழ்நிலை மாறியிருந்தால் தொகையை மாற்றக் கேட்டுப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவில் மனுப் போடலாம், பெண்களுக்கு இலவச சட்ட உதவியும் கிடைக்கும் என்று விளக்கினேன். அதெல்லாம் அவருடைய வக்கீல் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.